டென்வரிலிருக்கும் மகளுக்கு: சல்சா போடுவது பற்றி

அன்பு மகளுக்கு,

உன் தோட்டத்துத் தக்காளிப் படங்களை அம்மாவும் நானும் பார்த்தோம். அவ்வளவையும் ரசம் வைத்துத் தீர்க்க முடியாது. தக்காளி, வெங்காயம், மிளகாயை நறுக்கிச் செய்யும் மெக்சிகோத் தொடுகறியான சல்சாவாகச் செய்து குளிர்காலத்துக்கு எடுத்துவைக்கலாம் என்று நீ நினைப்பது சரியே. ஆனால் ஆச்சி தொக்கு கிளறுவதுபோல் இதையும் கண்ணளவில் செய்யலாமா என்று கேட்டிருக்கிறாயே, அது கூடாது அம்மா.

ஆச்சியின் தொக்கு, தண்ணீர் சுண்டி நல்லெண்ணெய் பிரிந்து வரும்வரை அடுப்பில் கிடக்கும். புளியும் உப்பும் தாராளமாகச் சேரும். சல்சாவோ வாயில் துண்டு துண்டாகத் தட்டுப்பட வேண்டும் என்பதற்காக மூன்று நிமிடம் மட்டுமே கொதிப்பது. அதன் தண்ணீர் அதிலேயே இருக்கிறது. காற்றுப் புகாத பாட்டிலுக்குள் பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளராமல் காப்பது புளிப்புதான். புளிப்பைக் குறிக்கும் பி.எச். எண் கூடக் கூடப் புளிப்பு குறையும்; அது 4.6-க்கு மேல் போனால் அக்கிருமிக்கு வழி திறந்துவிடும். தக்காளி அந்த எல்லையை ஒட்டியே நிற்கும் பழம், வெங்காயமும் மிளகாயும் எல்லையைத் தாண்டியவை. கெட்டுப்போனது மணத்திலோ நிறத்திலோ தெரியும் என்று நம்பவும் முடியாது.

ஆகவே, ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் வீட்டு உணவுப் பதப்படுத்தலுக்கான தேசிய மையம் சோதித்து வெளியிட்ட அளவையே நான் பின்பற்றுகிறேன். தோலும் விதையும் நீக்கி நறுக்கிய தக்காளி 6 கப், வெங்காயமும் மிளகாய் வகைகளும் சேர்ந்து 9 கப், கடையில் பாட்டிலில் விற்கும் எலுமிச்சைச் சாறு ஒன்றரை கப், அயோடின் கலக்காத உப்பு 3 தேக்கரண்டி. வெங்காயத்தைக் குறைத்து ஹாலபீனோ மிளகாயைக் கூட்டுவது உன் விருப்பம். மொத்தம் 9 கப்பைத் தாண்டாதே. சாற்றை மட்டும் குறைக்கவே கூடாது. வீட்டில் பிழியும் எலுமிச்சையின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும்; வினிகரோ அதைவிடப் புளிப்புக் குறைந்தது. நாக்குக்குப் புளிப்பு தூக்கலாக இருந்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டுக்கொள்.

தக்காளியைக் கொதிநீரில் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்வரை போட்டு, தோல் வெடித்ததும் குளிர்ந்த நீருக்கு மாற்றினால் தோல் கையோடு கழன்று வரும். பிறகு குறுக்கே வெட்டி, அறைகளுக்குள் இருக்கும் விதையைக் கட்டைவிரலால் வழித்தெடு. சதைப்பற்றுள்ள ரோமா வகைத் தக்காளி என்றால் இந்த வேலை பாதியாகும். நீ லென்ஸ் அணிபவள், மிளகாய் அரியும்போது கையுறை போடாமல் இருக்காதே.

எல்லாவற்றையும் சேர்த்து, கொதி வந்தபின் மூன்று நிமிடம் அடுப்பில் வைத்து, சூடான பாட்டிலில் வாயிலிருந்து அரை அங்குலம் விட்டு நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றுக்குமிழ்களை வெளியேற்றி, விளிம்பை ஈரத்துணியால் துடைத்து மூடு. பின்னர் மூடிக்கு மேல் ஓர் அங்குலமாவது தண்ணீர் நிற்கும்படி பெரிய பாத்திரத்தில் வைத்துக் கொதிக்கவிடு. டெட்ராய்ட்டில் எங்களுக்குப் பைன்ட் (ஏறத்தாழ அரை லிட்டர்) பாட்டிலுக்கு 15 நிமிடம் போதும். நீ இருப்பது 5,280 அடி உயரத்தில். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், உனக்கு 20 நிமிடம் வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகே நேரத்தைக் கணக்கிடு.

கடுகு தாளித்துக் கொட்ட உனக்குக் கை துறுதுறுக்கும் என்பது எனக்குத் தெரியும். எண்ணெய், கொத்தமல்லித் தழை எல்லாம் பாட்டிலைத் திறந்தபின், சாப்பிடும் நேரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். சீரகப் பொடி போன்ற உலர்ந்த மசாலாவை முதலிலேயே போட்டாலும் தவறில்லை. உறைபனியில் கருகிய செடியின் பழத்தைப் பாட்டிலில் அடைக்காதே, அதில் புளிப்பு குறைந்திருக்கும். பனி விழுமுன் பறித்த பச்சைக்காய்களைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

மறுநாள் ஒவ்வொரு மூடியின் நடுவிலும் விரலால் அழுத்திப் பார். அமுங்கி எழும்பினால் அது மூடிக்கொள்ளவில்லை என்று பொருள். அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து முதலில் தீர்த்துவிடுங்கள். மற்றவற்றை இருட்டான, குளிர்ந்த அலமாரியில் வைத்து ஓராண்டுக்குள் பயன்படுத்துங்கள். எங்களிடமுள்ள காலிப் பாட்டில்களையும் மூடியை இறுக்கும் வளையங்களையும் அடுத்த வாரம் அனுப்பிவைக்கிறேன். தட்டை மூடிகளை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும் என்பதால், அவற்றை மட்டும் நீ அங்கே புதிதாக வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா