முக்காலிக்கு மட்டும் ஏன் தடை?

கோலாலம்பூர் நகர மையத்தில் உயரமான கட்டடங்களை நிர்வகிக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

பகலில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறவன் நான். வாரத்தில் ஒரு நாளாவது, இருட்டியதும் கேமராப் பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவேன். படம் எடுத்து இதுவரை ஒரு காசு சம்பாதித்ததில்லை. செலவழித்த கணக்கை வீட்டில் சொல்ல முடியாது, அது வேறு கதை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மாலை மழை விட்டிருந்த நேரம். உங்களில் ஒருவருடைய கட்டடத்துக்கு எதிரே (பெயர் வேண்டாம்) கேமராவைத் தாங்கும் முக்காலியை விரித்தேன். தரையில் தேங்கிய தண்ணீரில் கட்டடம் முழுசும் தலைகீழாகக் கிடந்தது. இரண்டாவது படம் முடிவதற்குள் காவலுக்கு நிற்கும் ஜாகா அண்ணன் வந்துவிட்டார். அறுபது வயது இருக்கும், நம்மவர்.

“தம்பி, கையில வச்சு எத்தனை வேணும்னாலும் எடுத்துக்குங்க. இந்த ஸ்டாண்டு மட்டும் தாக் போலே, கூடாது.”

“ஏன்ணே?”

“எனக்கு எங்க தெரியும்? மேல கேமராவில பார்த்துட்டாங்க, வாக்கி டாக்கில கத்துறாங்க.”

என் கேமராவை உங்கள் கேமரா பார்த்துப் புகார் சொல்லியிருக்கிறது! அவரைக் குறை சொல்ல மாட்டேன். முக்காலியை மடக்கும்போது, எடுத்த படத்தைக் காட்டச் சொன்னார். சின்னத் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “நம்ம பில்டிங்கா இது?” என்றார்.

அதே நேரத்தில் பத்தடி தள்ளி ஒரு பெண், வட்ட விளக்கையும் கைப்பேசியையும் நட்டுவைத்து முகக் களிம்பு விற்றுக்கொண்டிருந்தார், நேரலையில். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. விளம்பரப் படப்பிடிப்புக்கு அனுமதி வாங்கச் சொல்வது நியாயமான விதி. ஆனால் எது வியாபாரம் என்பதை மூன்று கால்களை எண்ணிப் பார்த்தா முடிவு செய்வது?

முக்காலி எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன். இரவில் வெளிச்சம் குறைவு. புள்ளி புள்ளியாகப் பொரியாமல் படம் தெளிவாக வர, ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 100-இல் வைத்து, ஒளியை உள்ளே விடும் ஷட்டரைப் பத்து விநாடி, பதினைந்து விநாடி திறந்துவைக்க வேண்டும். அவ்வளவு நேரம் எந்தக் கையும் ஆடாமல் நிற்காது. கைப்பேசி பல படங்களைச் சட்டென்று எடுத்து உள்ளுக்குள்ளேயே ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும், அதற்குக் கால் தேவையில்லை. என் பழைய கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

நேரமும் எங்களுக்குக் குறைவு. நம் ஊரில் சூரியன் ஏழு மணிக்கும் ஏழரைக்கும் நடுவில் மறைகிறது. 1982 ஜனவரி 1-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள் இல்லையா, அந்தப் புண்ணியத்தில்தான் என்னைப் போன்றவர்கள் வேலை முடிந்து ரயில் ஏறியும் இருட்டுக்கு முன் வந்து சேர முடிகிறது. ஆனால் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர் இது. அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். வானம் கருநீலமாகவும் கட்டட விளக்குகள் மஞ்சளாகவும் சேர்ந்து கிடைப்பது இருபது நிமிடம், மிஞ்சினால் இருபத்தைந்து. அதில் பத்து நிமிடம் உங்கள் ஆட்களிடம் விளக்கம் சொல்வதில் போனால், அன்றைய பொழுது போச்சு.

தனிமனித அந்தரங்கத்துக்காகத்தான் தடை என்று ஒரு நிர்வாகி எனக்குப் பதில் எழுதியிருந்தார். ஐயா, பதினைந்து விநாடி ஷட்டர் திறந்திருந்தால் நடந்துபோகிறவர் முகம் படத்தில் பதிவாகாது. மங்கலான ஒரு நிழல் விழும், வேகமாகப் போனால் அதுகூட இருக்காது. கார்கள் மறைந்து விளக்குக் கோடுகள் மட்டும் மிஞ்சும். முகத்தைப் பிடிப்பது கையில் வைத்து எடுக்கும் கேமராதான். நீங்கள் அனுமதிப்பது அதைத்தான்.

இராணுவ இடங்களின் வேலியில் சிவப்புப் பலகை ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். சிப்பாய் துப்பாக்கியை நீட்ட, எதிரே ஒருவர் கையைத் தூக்கி நிற்பார். எழுத்துத் தெரியாதவனுக்கும் அது புரியும், யாரும் அங்கே கேமராவை எடுப்பதில்லை. உங்கள் இடத்தில் பலகையும் இல்லை, பொது நடைபாதை எங்கே முடிந்து உங்கள் நிலம் எங்கே தொடங்குகிறது என்று தரையில் ஒரு கோடும் இல்லை. மஸ்ஜித் ஜாமேக் அருகே கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில் இதே முக்காலியோடு மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். 1897-இல் கட்டி முடித்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கு எதிரே, மெர்டேக்கா சதுக்கத்தில் நடுநிசிவரை நின்றிருக்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடைக்காரர்கள், “நின்னு எடுங்க, தண்ணி தெளிச்சுவிடறேன், பூ பளபளன்னு இருக்கும்” என்று உதவியே செய்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. புத்தாண்டு வாணவேடிக்கைக்கு நாலு மணிக்கே வந்து, நடைபாதை முழுக்க முக்காலிகளை நட்டு, தள்ளுவண்டியில் பிள்ளையோடு வந்த அம்மாவைச் சாலையில் இறங்கி நடக்கவைத்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களைத் தாராளமாக விரட்டுங்கள். வழியை மறைத்தால் தடை, மறைக்காவிட்டால் இல்லை என்று வைத்தால் என்ன? இரவு பத்து மணிக்கு மேல் உங்கள் முற்றத்தில் இருக்கிற கூட்டம் எனக்குத் தெரியும். பூனை இரண்டு, நான் ஒருவன். அந்த நேரத்துக்காவது சின்ன முக்காலிகளை விடுங்கள். விதி எதுவானாலும் நாலு வரியில் எழுதி வாசலில் மாட்டுங்கள், அதன் நகல் ஒன்றைக் காவலுக்கு நிற்பவர் கையிலும் கொடுங்கள்.

அடுத்த சனிக்கிழமையும் மழை விட்டால் வருவேன். முக்காலி பையில்தான் இருக்கும். விரிக்கலாமா வேண்டாமா என்பதை அதற்குள் அந்த அண்ணனிடம் சொல்லிவையுங்கள். அவருக்கென்று அந்தப் படத்தில் ஒரு பிரதி போட்டு வைத்திருக்கிறேன், அதையும் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
இரவில் ஊர் சுற்றும் ஒரு கணக்கன்