‘மற்றும் குழுவினர்’ என்பவர் யார்?

பெங்களூரில் இராமநவமிக் கச்சேரிகள் நடத்தும் மண்டலிகளின் செயலாளர்களுக்கு,

வணக்கம்.

யுகாதி நெருங்கும்போதே உங்கள் அழைப்பிதழ்கள் எங்கள் வீட்டு நாட்காட்டி ஆணியில் சேரத் தொடங்கிவிடும். சாமராஜ்பேட்டையிலிருந்து ஒன்று, சேஷாத்திரிபுரத்திலிருந்து ஒன்று, மல்லேசுவரத்திலிருந்து ஒன்று, இரண்டு தெரு தள்ளியிருக்கும் கோயிலிலிருந்து மஞ்சள் தாளில் ஒன்று. ஒரே மாலை, ஏறக்குறைய ஒரே நேரம், நாலு பந்தல்களில் நாலு கச்சேரி. சென்னைக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் மார்கழிப் பனியில் வருகிறது. நமக்குச் சித்திரை வெயிலில் வருகிறது. என்னிடம் இருப்பதோ ஒரு ஜோடிக் காதும் ஒரு மெட்ரோ அட்டையும்தான். அல்சூரில் ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறி, கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கி, பூக்கடை நெரிசலைத் தாண்டிப் பந்தலுக்குள் நுழைந்துவிட்டால், அன்றைக்கு இன்னொரு பந்தலுக்கு ஓட முடியாது. ஆகவே முன்கூட்டியே சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து வட்டம் போட வேண்டியிருக்கிறது.

எதை வைத்து வட்டம் போடுவது? இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

போன வருடம் வந்த ஓர் அழைப்பிதழைச் சொல்கிறேன். எந்த மண்டலி என்று சொல்லப் போவதில்லை. உங்களில் பலருக்கும் அது பொருந்தும். வழவழப்பான தாள், எட்டுப் பக்கம். தலைமை விருந்தினரின் பட்டங்களுக்கு நாலு வரி. கொடையாளர் நிறுவனங்களின் சின்னங்களை எண்ணினேன், பதினொன்று. பந்தல் போட்டவரின் பெயரும் கைப்பேசி எண்ணும் கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில். நடுவில் கச்சேரிப் பட்டியல்: பாடகியின் பெயர், பக்கத்தில் ‘மற்றும் குழுவினர்’. அவ்வளவுதான்.

குழுவினர் யாரோ என்று எண்ணி அன்று வேறு பந்தலுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை பால் பூத்தில் நண்பர் ஒருவர், “நேற்று மிருதங்கம் யார் என்று தெரியுமா?” என்று கேட்டுவிட்டுப் பெயரைச் சொன்னார். ஆறு வருடமாக நான் நேரில் கேட்கக் காத்திருந்த வித்வான். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாப்பில் தனி ஆவர்த்தனம், அதாவது தாளவாத்தியம் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதி, இருபது நிமிடம் என்றார். பால் பாக்கெட் கூடையின் விளிம்பில் ‘தகிட தகதிமி’ என்று இரண்டு விரலால் தட்டி, தனியை முடிக்கும் தாளக் கோப்பான கோர்வை எங்கே எடுத்து எங்கே வந்து விழுந்தது என்று காட்டினார். பின்னால் நின்ற அம்மாள் “முதலில் பாலை எடுங்கள்” என்று அதட்டியதும்தான் நிறுத்தினார். எனக்கு அரை லிட்டர் பாலும் வயிற்றெரிச்சலும் கிடைத்தன.

பாடுபவர் யார் என்று தெரிந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. ஒரே பாடகியை ஒரே மாதத்தில் மூன்று மேடைகளில் கேட்டிருக்கிறேன். மூன்றும் வேறு வேறு கச்சேரிகள். ஓரிடத்தில் மிருதங்கம் விடாமல் முழங்க, நின்று நிதானித்துப் பாட வேண்டிய பைரவி ராகக் கிருதியை அவர் ஏதோ ரயிலைப் பிடிக்கப் போகிறவர் போல முடித்தார். இன்னோரிடத்தில் அதே பைரவி. பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவி முடிந்த இடத்தில் மிருதங்கம் ஒன்றுமே வாசிக்காமல் ஒரு கணம் ஒதுங்கி நின்றது. அந்த இடைவெளியில் தம்பூராவின் ஒலி பந்தல் முழுக்கக் கேட்டது. அடுத்த சங்கதியை, அதாவது அதே வரியின் அடுத்த மெருகை, அவர் பாடிய விதமே வேறாகிவிட்டது. மூன்றாவது மேடையில் வயலின்காரர், பாடகி விட்ட சுரக்கோவையை அப்படியே திருப்பித் தராமல் கடைசி இரண்டு சுரங்களை மட்டும் மாற்றிக் கொடுத்தார். பாடகி சிரித்துவிட்டு, அந்த மாற்றத்தையே பிடித்துக்கொண்டு இன்னும் நாலு தாளச் சுற்று பாடினார். பக்கவாத்தியம் யார் என்று தெரியாமல் கச்சேரியைத் தேர்ந்தெடுப்பது, சம்பந்தி யார் என்று கேட்காமல் கல்யாணம் நிச்சயிப்பது போல.

இதை வேறு எந்த ஊருக்கும் விளக்க வேண்டியிருக்கலாம், பெங்களூருக்கு அவசியம் இல்லை. மல்லேசுவரத்தில் வயலின் வடிவத்திலேயே ஓர் அரங்கம் நிற்கிறது. 1980-இல் திறக்கப்பட்ட அந்த அரங்கம் வயலின் வித்வான் சௌடையாவின் பெயரைத் தாங்குகிறது. அவர் பெரும்பாலும் மற்றவர்கள் பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர். தம் வயலின் ஒலி கடைசி வரிசைவரை எட்ட வேண்டும் என்று ஏழு தந்திகள் பூட்டிக்கொண்டவர். பக்கவாத்தியக்காரர் ஒருவருக்குக் கட்டடமே எழுப்பிய ஊரில், அவர் வழியில் வந்தவர்களுக்கு அழைப்பிதழில் அரை வரி கிடைப்பதில்லை. சென்னை மியூசிக் அகாதெமியின் ‘சங்கீத கலாநிதி’ விருது முதன்முறையாக ஒரு மிருதங்க வித்வானுக்குக் கிடைத்ததே 1966-இல்தான், பாலக்காடு மணி ஐயருக்கு. ஆனால் ரசிகர்கள் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. மணி ஐயர் வாசிக்கிறார், பழனி சுப்பிரமணிய பிள்ளை வாசிக்கிறார் என்பதற்காகவே கச்சேரிக்குப் போனவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். மிருதங்கத்துக்குத் துணையாக வரும் உபபக்கவாத்தியத்தின் நிலை இன்னும் மோசம். வயலினும் மிருதங்கமும் தப்பித்தவறி அச்சேறினாலும் கடமும் கஞ்சிராவும் மோர்சிங்கும் உதிர்ந்துவிடுகின்றன. கடத்தில் பெயர் பெற்ற சுகன்யா ராம்கோபால் வாழும் ஊரில் இப்படி.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. இலவசமாகக் கச்சேரி கேட்டுவிட்டு, பானகமும் நீர்மோரும் வாங்கிக் குடித்துவிட்டுக் குறை சொல்லுகிறான் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் நினையுங்கள், பரவாயில்லை. தேதி முடிவாகும்போது பக்கவாத்தியம் முடிவாகியிருக்காது. பாடகர் கடைசி வாரத்தில்தான் சொல்வார். அச்சகமோ முந்தைய மாதமே கேட்கும். சரி. அப்படியானால் ‘வயலின்: பின்னர் அறிவிக்கப்படும்’ என்று போடுங்கள், அறிந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள். பொங்கல் வாழ்த்து முதல் பூக்களோடு காலை வணக்கம் வரை எல்லாம் அனுப்புகிறீர்களே.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிக் கூட்டம் எழுந்து சிற்றுண்டிக் கடைப் பக்கம் நகர்வதைப் பற்றி உங்கள் மேடைகளிலேயே பலர் வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார்கள். யார் என்றே தெரியாதவர் வாசிப்பதற்கு யார் உட்காருவார்கள்? மேடையில் ஒருமுறை பெயர் சொல்வதும் பெரும்பாலும் ஒலிபெருக்கியைச் சரிசெய்யும் கரகரப்பில் போய்விடுகிறது.

அடுத்த வருட அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் பெயர்களைச் சரிபார்க்க ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன். கன்னடமும் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் என்றால் வசதி. பால் வாங்கிவிட்டு வந்துவிடுவேன்.

அன்புடன்,
அல்சூர் ரசிகன் ஒருவன்