பாப்பாவுக்கு அப்பா எழுதுறது

பாப்பா, நாங்க நல்லா இருக்கோம், அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்ல. போன மாசம் வீடியோ கால்ல நீ யூனிஃபார்ம் போட்டு ஷூ லேஸெல்லாம் கட்டி கட்டில் ஓரத்துல உக்காந்திருந்த, ட்யூட்டியாம்மான்னு கேட்டா இல்லப்பா கூப்பிட்டா போகணும்ன. அன்னைக்கு கூப்பிட்டாங்களா இல்லையான்னு நான் இன்னும் கேக்கல.

எம்பொண்ணு ஒரு நாள் கூட லேட்டா போனதில்லன்னு சித்தப்பாகிட்ட பெருமையா சொல்லிட்டுதான் இருக்கேன். ஆனா 2 மணி நேர ஷிஃப்டுக்கு போக வர 3 மணி நேரம், அதுலயும் இன்னைக்கு கூட்டமில்ல கிளம்புன்னுட்டா என்ன மிஞ்சும், இத தங்கச்சி சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா.

ஒரு நோட்டுல எழுதி வை. எப்ப கூப்பிட்டாங்க, எப்ப போய் நின்ன, எப்ப அனுப்பினாங்க. கலிஃபோர்னியால, போட்ட ஷிஃப்டுல பாதி கூட வேலை குடுக்காம அனுப்பினா பாதி நேரத்துக்கு சம்பளம் குடுக்கணும், குறைஞ்சது 2 மணி நேரம், அதிகபட்சம் 4. பெல்ஜியத்துல ஒரு தீயணைப்பு வீரர், கூப்பிட்ட 8 நிமிஷத்துல வந்து நிக்கணும்னு வீட்டுல காத்துக் கிடந்த நேரமும் வேலை நேரம்தான்னு 2018ல ஐரோப்பிய கோர்ட்டு சொல்லிருச்சு, அதுக்கு காசு எவ்வளவுங்கறத மட்டும் அந்தந்த நாட்டு சட்டத்துக்கு விட்டுட்டாங்க. நீ இருக்கற எடத்துல என்னன்னு விசாரி, கான்ட்ராக்ட்ட முழுசா படி. சண்டை போடச் சொல்லல. எழுதி வை, அவ்வளவுதான்.

நோட்டுன்னு நான் சொல்லக் கூடாது பாப்பா. நான் சூப்பர்வைசரா இருந்தப்போ லோடு இறக்கறவங்க 6 மணிக்கே கேட் வாசல்ல வந்து உக்காந்திருப்பாங்க, லாரி 10 மணிக்கு வரும், நான் 10ன்னுதான் எழுதுவேன். நடுவுல எவன் எந்திரிச்சுப் போனாலும் அன்னைக்கு வேலை கிடையாது, அதையும் நான்தான் சொன்னேன். ஒரு அக்கா கேட்டாங்க, அப்ப இந்த 4 மணி நேரமா நான் எங்க சார் இருந்தேன்னு. நான் சிரிச்சேன். பக்கத்துல இருந்தவங்களும் சிரிச்சாங்க, நான் சிரிச்சதால. மேல இருந்து அப்படித்தான் எழுதச் சொன்னாங்கன்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன், யாரும் சொல்லல, நானாத்தான் எழுதினேன்.

நோட்டு எழுது, மறந்துடாத. போன் அடிச்சா வேலைக்குத்தான் கூப்பிடறாங்கன்னு பதறி எந்திரிக்கறியாம், தங்கச்சி சொன்னா. அதனாலதான் போன் பண்ணாம லெட்டர் போட்டேன்.

அப்பா