சர்வர் முடங்குவதற்குக் கூட்டம் மட்டும் காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்வு முடிவு, கலந்தாய்வுப் பதிவு, டிக்கெட் முன்பதிவு என்று எந்த இணையதளம் படுத்தாலும், ‘ஒரே நேரத்தில் பலர் நுழைந்ததால் சர்வர் முடங்கியது’ என்ற வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. அடுத்த முறை பெரிய மெஷின் வாங்குகிறார்கள், அதுவும் படுக்கிறது. கூட்டம் வரும் என்பது தேதி குறித்த அன்றே தெரிந்த விஷயம். கட்டுமீறி ஓடும் புராசஸ்களை (சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை) தானாகக் கண்டு நிறுத்த என்ன ஏற்பாடு இருந்தது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

8 ஜிபி மெமரி உள்ள ஒரு லினக்ஸ் சர்வரை எடுத்துக்கொள்வோம். பக்கங்களை உருவாக்கும் பிஎச்பியும், தகவல்களைச் சேமித்துத் தரும் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லும் அதிலேயே ஓடுகின்றன. டேட்டாபேஸுக்கு 3 ஜிபி, மற்றவற்றுக்கு 1 ஜிபி போனால் மிச்சம் 4 ஜிபி. ஒரு பிஎச்பி புராசஸ் 60 எம்பி பிடிக்கிறது என்றால் 68 புராசஸ்களுக்குத்தான் இடம். பிஎச்பி புராசஸ்களை நிர்வகிக்கும் பிஎச்பி-எஃப்பிஎம் அமைப்பில், ஒரே நேரத்தில் ஓடக்கூடிய புராசஸ்களின் உச்ச வரம்பான ‘மேக்ஸ் சில்ட்ரன்’ எண்ணை 60 என்று வைப்பதே முறை. கூட்டம் வருமே என்று 200 போட்டுவிடுகிறார்கள். 200 புராசஸ் என்றால் 12 ஜிபி. மெமரி தீர்ந்து, அதற்கு மாற்றாக டிஸ்க்கில் ஒதுக்கிய ஸ்வாப் நிரம்ப ஆரம்பித்ததும் எல்லாப் பக்கங்களும் ஒருசேர மெதுவாகும். கடைசியில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தானே ஒரு புராசஸைக் கொல்லும். பெரும்பாலும் அதிக மெமரி பிடித்திருப்பதே அதன் கையில் சிக்கும், அதாவது டேட்டாபேஸ். பந்தியில் 60 இலைதான் என்றால் மற்றவர்கள் அடுத்த பந்திக்குக் காத்திருப்பார்கள். 200 பேரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்தால் யாருக்கும் சோறு வராது.

அந்த 60 புராசஸ்களையும் அடைத்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) இல்லாத ஒரு குவரிதான், அதாவது டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கோரிக்கை. பிஎச்பியில் 30 நொடி நேர வரம்பு வைத்திருக்கிறோமே என்பார்கள். லினக்ஸில் அந்த ‘மேக்ஸ் எக்ஸிகியூஷன் டைம்’ டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. எஃப்பிஎம்மில் உள்ள ‘ரெக்வெஸ்ட் டெர்மினேட் டைம்அவுட்’ அதையும் கணக்கில் எடுக்கும். ஆனால் அது நிறுத்துவது பிஎச்பி புராசஸை மட்டும். டேட்டாபேஸுக்குள் போன குவரி, கேட்டவன் போனது தெரியாமல் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். பொறுமையிழந்த மாணவர் ரெஃப்ரெஷ் அழுத்த, அதே குவரி இரண்டாவது, மூன்றாவது முறை ஏறும். வலைப் பக்கத்தில் எத்தனை புராசஸ்களைக் கொன்றாலும் லோடு இறங்காததற்கு இதுதான் காரணம்.

ஆகவே டேட்டாபேஸிலும் தனியாக வரம்பு வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் ‘மேக்ஸ் எக்ஸிகியூஷன் டைம்’ என்ற அதே பெயரில் ஒரு வரம்பு உண்டு, ஆனால் அது செலக்ட் குவரிக்கு மட்டும், அதுவும் மில்லி நொடியில். 5 நொடிக்கு 5000 என்று எழுத வேண்டும். 5 என்று எழுதினால் உருப்படியான குவரிகளும் விழும். மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபியில் ‘மேக்ஸ் ஸ்டேட்மெண்ட் டைம்’, அது நொடிக்கணக்கு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

இனி கண்காணிப்பு. நிமிடத்துக்கு ஒரு முறை கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் வசதி) ஒரு ஸ்கிரிப்ட், புராசஸ்களைப் பட்டியலிடும் ‘பிஎஸ்’ கட்டளை காட்டும் சிபியு 90 சதவீதத்தைத் தாண்டினால் ‘கில் மைனஸ் 9’, அதாவது உடனடிக் கொலை. பல இடங்களில் நடப்பில் இருக்கும் வைத்தியம் இவ்வளவுதான். ‘பிஎஸ்’ காட்டுவது அந்த புராசஸ் பிறந்ததிலிருந்து உள்ள சராசரி. பத்து நாளாக அமைதியாக இருந்து அரை மணி நேரமாகத் தறிகெட்டு ஓடுவது அதில் அகப்படாது. இப்போதுதான் தொடங்கிய பேக்கப் மாட்டிக்கொள்ளும். ‘டாப்’ கட்டளையை ஸ்கிரிப்டில் பயன்படுத்தினாலும் முதல் அளவீட்டைத் தள்ளிவிட்டு இரண்டாவதைப் பார்க்க வேண்டும். எடுத்தவுடன் 9 போடுவதும் தவறு. முதலில் ‘முடித்துக்கொள்’ என்று கேட்கும் 15ஆம் எண் சிக்னல், 10 முதல் 20 நொடி அவகாசம், அப்போதும் நிற்காவிட்டால் 9.

ஓடும், காத்திருக்கும் புராசஸ்களின் சராசரியான லோடு ஆவரேஜ் எண்ணைப் பார்த்துக் கொல்வது அதைவிட மோசம். டிஸ்க்குக்கோ, நெட்வொர்க் வழிக் கோப்புச் சேமிப்பான என்எஃப்எஸ்ஸுக்கோ காத்திருக்கும், ‘டி’ நிலையில் உள்ள புராசஸ்களும் லினக்ஸில் அந்த எண்ணில் சேரும். சிபியு சும்மா இருக்க லோடு 40 காட்டும். அந்த நிலையில் இருப்பவற்றில் பல 9 போட்டாலும் அசையாது, டிஸ்க் பதில் வந்தால்தான் உண்டு. 2018இல் வந்த 4.20 கெர்னல் முதல் பிஎஸ்ஐ என்ற அளவு இருக்கிறது. சிபியு, மெமரி, டிஸ்க் ஆகியவற்றுக்காக வேலைகள் தேங்கிய நேரம் கடந்த 10, 60, 300 நொடிகளில் எத்தனை சதவீதம் என்று தனித்தனியாகச் சொல்லும். முடிவெடுக்க உதவும் எண் அதுவே.

கொல்வதைவிட முன்கூட்டியே வரம்பு கட்டுவது மேல். சர்வீஸ்களை நடத்தும் லினக்ஸ் அமைப்பான சிஸ்டம்டியில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ‘சிபியு கோட்டா’ 200 சதவீதம் என்றால் இரண்டு கோர் அளவுக்கு மேல் போகாது. ‘மெமரி ஹை’ அளவைத் தாண்டினால் வேகம் குறையும். ‘மெமரி மேக்ஸ்’ தாண்டினால் அந்த சர்வீஸுக்குள் மட்டும் கொலை விழும், பக்கத்து டேட்டாபேஸ் தப்பும். மொத்த மெஷினுக்கும் மெமரி தீருமுன்பே புராசஸை நிறுத்தும் ‘எர்லிஓஓஎம்’ கருவி போதும். மெமரி, ஸ்வாப் இரண்டிலும் மீதி 10 சதவீதத்துக்குக் கீழே போனால் 15, ஐந்துக்குக் கீழே போனால் 9 என்பது அதன் இயல்பு அமைப்பு. எஸ்எஸ்எச்சைத் தொடாதே என்று அதற்குச் சொல்லிவைக்க மறக்கக் கூடாது, உள்ளே நுழையும் வழி அதுதானே. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் கிரான் வேலை நெரிசல் நாளில் ஏழு நிமிடம் எடுத்தால் ஒன்றன்மேல் ஒன்று குவியும். ஓடிக்கொண்டிருக்கும் வேலை மறுபடி தொடங்காமல் தடுக்கும் ‘எஃப்லாக்’, நேரம் தாண்டினால் நிறுத்தும் ‘டைம்அவுட்’ இரண்டையும் முன்னால் சேர்த்தால் அது தீரும்.

நிறுத்துவதற்கு முன் எந்த புராசஸ், எவ்வளவு நேரம், என்ன குவரி என்று பதிவாக வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் வேலை முடிந்ததாக யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

அரசுத் துறைகளின் டெண்டரில் எத்தனை கோர், எத்தனை ஜிபி என்பதோடு இந்த வரம்புகளும் நிபந்தனையாக இடம்பெற வேண்டும். ‘ஸ்ட்ரெஸ்-என்ஜி’ போன்ற கருவியால் சோதனை சர்வரில் வேண்டுமென்றே மெமரியை நிரப்பி, எது நிற்கிறது, எது தப்புகிறது என்று அதிகாரிகள் முன்னிலையில் காட்டச் சொல்லலாம். அதற்கு ஒரு பிற்பகல் போதும். முடிவு வெளியாகும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே நடத்தினால் திருத்தவும் அவகாசம் இருக்கும்.

இப்படிக்கு,
லினக்ஸ் சர்வர் நிர்வாகி ஒருவர்,
கோயம்புத்தூர்.