பேக் பாக்கெட்டில் நிற்க யாரும் கை தூக்கவில்லை: ஏ.எஃப்.எல். ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக் ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வெரிபீயிலிருந்து எழுதுகிறேன். மெல்பர்னிலிருந்து ஜீலாங் போகிற வழியில் இருக்கும் ஊர். வழியில் இருப்பதாலோ என்னவோ மனம் ஜீலாங் அணியின் பக்கம் சாய்ந்துவிட்டது. நான் இந்த நாட்டுக்கு வந்தது 2007இல். அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் ஜீலாங் 119 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. நீள்வட்டப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் இந்த ஆட்டம் இவ்வளவு சுலபமா என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஆண்டே தெளிந்துவிட்டது.

என் மகன் இங்கே ஒரு சிறுவர் அணியில் ஆடுகிறான். இந்தப் பருவத்தின் முதல் பயிற்சி நாளில் கோச் பையன்களை வட்டமாக உட்காரவைத்து, யார் எங்கே ஆட விருப்பம் என்று கேட்டார். ஃபார்வர்டுக்கு ஒரு கூட்டமே கை தூக்கியது. மிட்ஃபீல்டுக்கு அதைவிடப் பெரிய கூட்டம். பேக் பாக்கெட், அதாவது நம் கோல் கம்பத்தருகே நின்று தடுக்கிற இடம் என்றதும் எல்லோரும் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். போன வருடம் அந்த இடத்துக்குத் தானாகக் கை தூக்கியவன் என் மகன். இந்த முறை அவன் கையும் புல்லில்தான் இருந்தது. வீட்டுக்கு வரும்போது காரில் காரணம் கேட்டேன். "பிரவுன்லோ அன்னிக்குப் பார்த்தோமே அப்பா, பின்னாடி ஆடறவங்க பேரையே படிக்கலையே" என்றான்.

அவன் சொன்னது முழுவதும் சரியில்லை. லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கு நடுவர்கள் போட்ட வாக்குகளைப் படித்து பிரவுன்லோ பதக்கம் கொடுக்கிற அந்த இரவில் பின்களக்காரர்களில் ஒன்றிரண்டு பெயர்களைப் படித்தீர்கள். ஆனால் எனக்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. 2024இல் பேட்ரிக் கிரிப்ஸ் 45 வாக்கு. 2025இல் மேட் ரோவல் 39. இருவரும் மிட்ஃபீல்டர்கள், இருவருமே தகுதியானவர்கள். பின்களத்தில் ஆடி அந்தப் பதக்கத்தைக் கடைசியாக வாங்கியவர் எஸன்டன் அணியின் கேவின் வாங்கனீன், 1993இல். அந்த வருடம் பிறந்த குழந்தைக்கு இப்போது தலையில் நரை எட்டிப்பார்க்கும். இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு செப்டம்பரிலும் யாராவது எழுதுகிறார்கள், நீங்களும் படித்துவிட்டு மடித்து வைக்கிறீர்கள்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. பின்களத்தில் ஆடுகிறவர்களுக்கென்று ஒரு பதக்கம் வேண்டும். பிரவுன்லோ வழங்கும் அதே இரவில், அதே மேடையில்.

ஏன் என்று சொல்ல ஒரு மனிதரைப் பற்றிப் பேச வேண்டும். ஜீலாங்கின் டாம் லோனர்கன். உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் அவர் கதையை மேலோட்டமாகத்தான் நினைவு வைத்திருக்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

2006 ஆகஸ்டில் மெல்பர்னுக்கு எதிரான ஆட்டம். அணியில் இன்னும் இடம் நிலைக்காத இளைஞர், ஃபார்வர்டு. பின்னாலிருந்து உயர வந்த பந்தின் மேலேயே கண்ணை வைத்து ஓடினார். எதிரே யார் வருகிறார்கள் என்று பார்க்கவில்லை. பார்க்காமல் ஓடுவதைத்தான் இந்த ஆட்டத்தில் வீரம் என்கிறீர்கள். மோதலில் உள்ளே ரத்தம் கொட்டியது. மயக்கநிலையில் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். வீட்டில் இருப்பவர்கள் இதற்குப் பிறகு என்ன சொல்வார்கள்? கும்பிடு போட்டுவிட்டு வேறு வேலை பார் என்பார்கள். அவர் அடுத்த வருடம் ரிசர்வ் அணிக்குத் திரும்பிவந்தார்.

அந்த 2007இல்தான் ஜீலாங் 44 ஆண்டுக்குப் பின் கோப்பையைத் தூக்கியது. அவர் அந்த 22 பேரில் இல்லை. 2008இல் இறுதி ஆட்டத்தில் ஆடினார், அணி தோற்றது. 2009இல் அணி மறுபடி ஜெயித்தது, அவர் மறுபடி இல்லை. கல்யாண வீட்டில் மூன்று பந்தி பார்த்துவிட்டு, உட்கார்ந்த ஒரே பந்தியில் பாயசம் தீர்ந்துபோனது மாதிரி. இரண்டு முறை ஜெயித்த அணியிலேயே இருந்துகொண்டு, ஜெயித்த இரண்டு நாளும் வெளியே நின்றவர். இதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பட்டியலில் பெயர் இருக்கும், சம்பளம் வரும், வியாழக்கிழமை மாலை அணி அறிவிக்கும்போது மட்டும் பெயர் இருக்காது. "ஓரத்து ஆட்டக்காரர்" என்று நாம் லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறோமே, அந்த ஓரத்தின் நீளம் இதுதான்.

பிறகு அவரைப் பின்னால் தள்ளினார்கள். ஃபுல் பேக், கோல் கம்பத்துக்கு நேர் முன்னே நின்று எதிரணி ஃபார்வர்டைத் தடுக்கிற இடம். அங்கேதான் மனிதருக்குக் கால் ஊன்றியது. 2011 இறுதி ஆட்டம், மெல்பர்னின் எம்.சி.ஜி. மைதானம், எதிரணி காலிங்வுட். முதல் பாதியில் டிராவிஸ் க்ளோக் 3 கோல் அடித்துவிட்டார். ஜீலாங் பின்தங்கியிருந்தது. லோனர்கனை க்ளோக்கின் மேல் போட்டார்கள். அதற்குப் பிறகு க்ளோக் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அணி 38 புள்ளியில் ஜெயித்தது. ஐந்து வருடத்துக்கு முன் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தவருக்குக் கோப்பை கிடைத்தது.

நான் அன்று வீட்டில் டிவியில்தான் பார்த்தேன். மூன்றாம் கால் பகுதியில் எத்தனை முறை அவர் கை பின்னாலிருந்து நீண்டு பந்தைக் குத்தி வெளியே தள்ளியது! ஸ்பாயில் என்பது எத்தனை கடினம் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். உதைத்து வரும் பந்தைக் கையில் பிடிக்க, அதாவது மார்க் பிடிக்க, எதிராளி தாவுகிற அதே நொடியில் தாவ வேண்டும், உடம்பு உரசினால் ஃப்ரீ கிக், அரை நொடி பிந்தினால் கோல். அந்த வேலைக்கு உங்கள் புள்ளிவிவரத் தாளில் என்ன பெயர் தெரியுமா? தெரியும், நீங்கள்தானே அச்சிடுகிறீர்கள். "ஒன் பெர்சென்டர்". ஒரு விழுக்காடு! ஒரு மனிதனின் முழுநேர வேலையை நூற்றில் ஒன்று என்று பெயர் வைத்து அழைப்பதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

லோனர்கன் 209 ஆட்டம் ஆடி 2017இல் ஓய்வு பெற்றார். கடைசி வருடத்திலும் விதி விடவில்லை. அடிலெய்டுக்கு எதிரான, இறுதிக்கு முந்தைய ஆட்டத்துக்குப் போய், சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் கடைசி நேரத்தில் விலகினார். அணியும் அன்று தோற்றது. சிறுநீரகம் போனபிறகும் ஆடியவரை ஒரு வேளைச் சாப்பாடு உட்கார வைத்துவிட்டது.

இவர் ஒருவர் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்த ஆட்டத்தில் ஓரத்தில் நிற்கிறவர்கள் நிலையான இடம் பிடிக்கிற கதவு பெரும்பாலும் பின்பக்கம்தான் திறக்கிறது. இளம் ஆட்டக்காரர்களைக் கிளப்புகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றை மிட்ஃபீல்டருக்கே அதிகம் செலவழிக்கின்றன. மிச்சமிருக்கிற ரூக்கிகள் (கூடுதல் பட்டியலில் சேர்க்கிற புதியவர்கள்), வேறு கிளப் வேண்டாமென்று விட்டவர்கள், ஃபார்வர்டில் தேறாதவர்கள் ஆகியோரைப் பின்னால் நிறுத்திப் பார்க்கிறார்கள். எங்கள் ஊர் சர்ன்சைட் பார்க் மைதானத்துக்கு வந்தால் இது கண்முன்னே தெரியும். ஃப்ரீமான்டில் 2017 கடைசியில் விட்டுவிட்ட சாம் காலின்ஸ் அடுத்த வருடம் வெரிபீக்கு, ஏ.எஃப்.எல்.லுக்கு ஒரு படி கீழே உள்ள வி.எஃப்.எல்.லில் ஆடினார். 2019 பருவத்துக்குக் கோல்ட் கோஸ்ட் எடுத்துக்கொண்டது. 2020இல் அந்தக் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் அவர். வெஸ்ட் கோஸ்டின் ஜெரமி மெகவர்னும் ரூக்கியாக வந்தவர்தான். 2018 இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் அவர் பிடித்த மார்க்கிலிருந்துதான் டாம் ஷீடின் கோல் வரைக்கும் பந்து போனது. நமக்கு ஷீடின் உதை ஞாபகம் இருக்கிறது. இருக்கட்டும், அது அப்படிப்பட்ட உதை.

வெரிபீயில் ஆடிய இன்னொருவரைச் சொல்லாமல் விட்டால் எங்கள் தெருவில் நான் நடக்க முடியாது. டேல் மோரிஸ். 18 வயதில் யாரும் எடுக்காத பையன். வெஸ்டர்ன் புல்டாக்ஸ் ரூக்கியாக எடுத்து 2005இல் இறக்கியது. 253 ஆட்டம். 2016 இறுதி ஆட்டம் ஆடும்போது அவருக்கு வயது 33, முதுகெலும்பில் முறிவு. அது வெளியே தெரிந்தது ஆட்டம் முடிந்த பிறகு. கடைசிக் கால் பகுதியில் லான்ஸ் ஃப்ராங்க்லினை அவர் மடக்கிப் பிடித்ததில் பந்து சிதறியது. அதை எடுத்த டாம் பாய்ட் தூரத்திலிருந்து உதைத்து கோல் போட்டார். கோப்பைக்கான புல்டாக்ஸின் 62 ஆண்டுக் காத்திருப்பு அங்கே முடிந்தது என்று சொல்லலாம். தாளில் மோரிஸ் பெயருக்கு நேரே அது ஒரு டேக்கிள்.

கோல் அடிக்கிறவருக்கு உங்களிடம் தனிப் பதக்கம் இருக்கிறது. ஜான் கோல்மன் பெயரில். 1949இல் முதல் ஆட்டத்திலேயே 12 கோல் அடித்தவர், 98 ஆட்டத்தில் 537. அவர் பெயரில் பதக்கம் இருப்பது நியாயம்தான். ஆனால் அந்த 98 ஆட்டத்திலும் அவர் தோளோடு தோள் நின்ற பின்களக்காரர்களின் வழிவந்தவர்களுக்கு என்ன இருக்கிறது?

ஆண்டின் சிறந்தவர்களைச் சேர்த்து அறிவிக்கும் அகில ஆஸ்திரேலிய அணியில் பின்களத்துக்கு ஆறு இடம் இருக்கிறதே என்பீர்கள். அது 22 பேர் சேர்ந்து நிற்கிற படம். பாதுகாப்பை எண்ணிப் பார்க்க முடியாது, கோல் மாதிரி இல்லை என்பீர்கள். எண்ண வேண்டாம், கோச்சுகளைக் கேளுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு கோச்சுகளும் 5-4-3-2-1 என்று வாக்குப் போடுவது இப்போதே நடக்கிறது. அதில் பின்களத்துக்கென்று இன்னொரு வரி சேர்த்தால் முடிந்தது. நடுவர்களை நான் குறை சொல்லவில்லை. 2023 முதல் மைதானத்தில் நான்கு நடுவர்கள், எட்டு கண்கள். எட்டும் பந்தைத்தான் பார்க்க வேண்டும், அதுதான் அவர்கள் வேலை. பந்து வராமல் பார்த்துக்கொள்வது வேறு ஒருவர் வேலை. இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கத்துக்குத் தனிக் குழு போட்டபோது, 2013இல் ஃபுல் பேக் பிரையன் லேக்குக்குக் கொடுக்க அவர்களுக்குத் தெரிந்திருந்ததே.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். விதி மாற்ற வேண்டுமென்று உங்களுக்குத் தோன்றும்போதெல்லாம் அகப்படுகிறவர் பின்களக்காரர். 2008 இறுதி ஆட்டத்தில் ஹாதர்ன், ஆறு புள்ளி கோலைத் தடுக்க ஒரு புள்ளியை விட்டுக்கொடுத்து, 11 முறை பந்தைத் தன் கம்பத்துக்குள்ளேயே தட்டிவிட்டது. மறுவருடம் அது குற்றம். பிறகு, பந்து எல்லைக்கு வெளியே போனால் வேண்டுமென்றே விட்டாயா என்ற விசாரணை. 2019இல் ஆறு-ஆறு-ஆறு: நடுவில் பந்தைப் போடும்போது முன்னால், நடுவில், பின்னால் ஆறு ஆறு பேர்தான் நிற்க வேண்டும். முன்கூட்டியே ஒரு ஆளைப் பின்னால் நிறுத்தவும் வழியில்லை. 2021இல், உதைக்கிறவருக்கு எதிரே நிற்பவர் அசையக் கூடாது என்றீர்கள். இனி என்ன, ஃபுல் பேக் இருமினால் ஃப்ரீ கிக்கா? கோல் அதிகம் விழ வேண்டும், விளம்பரத்துக்கு இடைவெளி வேண்டும், புரிகிறது. 2028இல் வரப்போகும் 19ஆவது அணிக்கு டாஸ்மேனியாவில் இடம் கண்டுபிடித்த உங்களுக்கு, மேடையில் ஒரு பதக்கம் வைக்க ஓர் அடி இடம் கிடைக்காமலா போகும்?

மன்னிக்கவும். கேட்க வந்தது பதக்கம். விதிகளைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன். அதையும் மடித்துத்தான் வைப்பீர்கள் என்றாலும்.

தயவுசெய்து வரும் பருவத்துக்குள் இதை ஒரு முறை உங்கள் கூட்டத்தில் எடுத்துப் பேசுங்கள். ஆண்டுக்கு ஒருவர், ஒரே ஒரு பதக்கம். பிரவுன்லோ இரவில், வாக்குகளைப் படித்து, பெயர் சொல்லி. ஒப்பந்தம் ஒவ்வொரு வருடமாகப் புதுப்பிக்கிற ஒரு ரூக்கிக்கு, தன் பெயரை அந்த மைக்கில் கேட்பது அடுத்த வருடச் சம்பளப் பேச்சில் எவ்வளவு உதவும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் மகன் இந்தப் பருவமும் பேக் பாக்கெட்டில்தான் நிற்கிறான். அவன் கேட்டு வாங்கிய இடமல்ல. கடைசியில் யாராவது நிற்க வேண்டுமே என்று கோச் அனுப்பினார். போன ஞாயிறு நான்கு ஸ்பாயில் செய்தான். கோடு கிழித்து எண்ணியது நான் மட்டும்தான்.

பணிவுடன்,
கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்காரும் ஒருவன்
வெரிபீ

பி.கு.: பதக்கத்துக்குப் பெயர் வைக்க ஒரு குழு, அந்தக் குழுவை மேற்பார்க்க இன்னொரு குழு என்று போக வேண்டாம். புரூஸ் டல் இருக்கிறார். கார்ல்ட்டனுக்கு 356 ஆட்டம் பின்களத்தில் ஆடியவர். பேட்டி என்றால் ஒதுங்கிப்போகிறவர். பேர் வைக்கச் சம்மதிக்கமாட்டார் என்று பயமாக இருந்தால், முதலில் கேட்டுப் பாருங்கள்.