திருகுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாப்பர்: விறகு மெஷின் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ட்ராக்டரில் மாட்டும் விறகு பிளக்கும் மெஷின் செய்து விற்கும் பட்டறை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். ஆலங்குடிப் பக்கம் விறகு டிப்போ வைத்திருப்பவன் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மாசி மாதம் என் டிப்போவில் என் மச்சினனின் கை திருகில் மாட்டியதும் தெரியும். போன் போட்டு ஆறுதல் சொன்னவர்களும் உண்டு. அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லப்போவதில்லை.

போன வாரம் பக்கத்து ஊரில் புது மெஷின் ஒன்று வந்து இறங்கியது. போய்ப் பார்த்தேன். என் மெஷினின் அச்சு அசல். அதே கூம்புத் திருகு, அதே இரும்புச் சட்டம், அதே சிவப்புப் பெயிண்ட். ஒன்றே ஒன்றுதான் புதிது. சட்டத்தின் மேல் மஞ்சள் எழுத்தில், 'விபத்து நேர்ந்தால் இயக்குபவரே பொறுப்பு' என்று எழுதியிருந்தது. அழகான எழுத்து, ஆர்ட்டிஸ்ட் வைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். அவருக்குக் கொடுத்த கூலிக்கு, மெஷினைச் சட்டென்று நிறுத்துகிற ஒரு ஸ்டாப்பர் கேபிள் வாங்கி மாட்டியிருக்கலாமே என்று அங்கேயே தோன்றியது. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை.

மெஷினே கூடாது என்று சொல்ல வரவில்லை. 2018 நவம்பரில் கஜா அடித்துவிட்டுப் போனபோது மாவும் பலாவும் புளியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. கோடாலி பிடிக்க ஆள் இல்லை. புளியங்கட்டையைப் பிளந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், நார் முறுக்கிக்கொண்டு ஓடும். கோடாலி பாதியில் சிக்கும். ஆப்பு வைத்து சம்மட்டியால் போட்டால் ஆப்புதான் எகிறும். அந்தக் கட்டையை உங்கள் திருகு முனையால் கவ்வி, தானே உள்ளே இழுத்து, படார் என்று இரண்டாக்கியது. ஊரே வேடிக்கை பார்த்தது. எங்கள் பக்கம் முதலில் ஆசைப்பட்டு வாங்கியவன் நான்தான். அந்தப் பழியில் என் பங்கை நான் மறைக்கவில்லை.

ஆனால் கட்டையைக் கவ்வி இழுக்கிற அதே மரை துணியையும் கவ்வி இழுக்கும். ட்ராக்டருக்குப் பின்னால் இருந்து மெஷினைச் சுழற்றுகிற தண்டு, அதாவது பி.டி.ஓ. ஷாஃப்ட், முழு வேகத்தில் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9. திருகின் தடித்த இடம் 4 அங்குலம் என்றால் ஒரு சுற்றுக்கு ஓரடித் துணி உள்ளே போகும், ஒரு விநாடியில் ஒன்பதடி. நாலு முழ வேட்டி மொத்தமே ஆறடிதான். பாதி வேகத்தில் ஓட்டினாலும் 'ஐயோ' என்று சொல்லி முடிப்பதற்குள் இடுப்பில் ஒன்றும் இருக்காது. விறகு அடுக்க வருகிற பெண்கள் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையை, பட்டன் போடாமல், மாட்டிக்கொண்டு அந்தத் திருகுக்கு முன்னால்தான் குனிந்து நிமிர்கிறார்கள்.

என் மச்சினன் கையுறை போட்டிருந்தானா என்று கேட்டீர்கள். போட்டிருந்தான். திருகு முதலில் பிடித்ததே அதைத்தான். கட்டையில் கணு இருந்தது. முனை ஏறியது, கட்டை பிளக்கவில்லை. திருகோடு சேர்ந்து கட்டையும் சுற்ற ஆரம்பித்தது. வழக்கம்போல கட்டையைக் கையால் கட்டிப் பிடித்து நிறுத்தப் பார்த்தான். "மச்சான், அணைங்க!" என்று கத்தினான். நான் பின்டயரைச் சுற்றி ஓடி, மேலே ஏறி, கிளட்சை மிதிக்க வேண்டும். அப்புறம் ஒரு நாள் டேப் வைத்து அளந்தேன். அவன் நின்ற இடத்திலிருந்து சீட்டுக்கு, டயரைச் சுற்றிப் போனால், 11 அடி. அதை நான் ஓடி முடித்தபோது வேலை முடிந்திருந்தது.

வலது கையில் இப்போது கட்டை விரல் மட்டும் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவு, கடன் எல்லாம் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான், விடுங்கள். வைகாசியில் எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணம். பந்திக்குக் கூப்பிட்டார்கள். "பசி இல்லை" என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்கு வெளியே போய் டிரைவர்களோடு நின்றுகொண்டான். நாலு பேருக்கு முன்னால் இலையில் இடது கையை வைக்க வேண்டுமே, அதுதான். வீட்டில் யாரும் பார்க்காதபோது ஸ்பூனால் சாப்பிடப் பழகுகிறான். ரசம் சோறு வந்தால் தட்டை நகர்த்திவிடுகிறான். என் மகளுக்கு ஆறு வயது, "மாமா ஏன் சுவரைப் பார்த்துச் சாப்பிடுது?" என்று கேட்கிறாள். உங்கள் மஞ்சள் எழுத்தில் இதற்கு என்ன பதில் இருக்கிறது?

ஆகவே கேட்பது ஒன்றுதான். திருகுக்கு முன்னால் நிற்பவனின் கைக்கோ காலுக்கோ எட்டுகிற இடத்தில் ஒரு ஸ்டாப்பர் வைத்துக் கொடுங்கள். இன்ஜினை அணைக்கிற கேபிளைப் பின்னால் நீட்டினாலும் சரி. அணைத்த பிறகும் சில சுற்று ஓடத்தான் செய்யும், அதனால் கிளட்சையே விடுவிக்கிற கம்பி என்றால் இன்னும் நல்லது. அப்புறம், கட்டை சுற்றாமல் தடுக்க அடியில் ஒரு தடுப்புப் பட்டை. எப்படிச் செய்வது என்பது உங்கள் தொழில், நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

லோடரிலும் ஜேசிபியிலும் மாட்டும் பெரிய திருகு பாதுகாப்பானது என்கிறீர்கள். ஒரு விதத்தில் சரிதான். ஆபரேட்டர் கேபினுக்குள் இருக்கிறார், லிவரை விட்டால் திருகைச் சுழற்றுகிற ஆயில் ஓட்டம் நின்று திருகும் நிற்கும். கட்டைக்குப் பக்கத்தில் யாரும் போகவே வேண்டாம். ஆனால் நம் ஊரில் ஒருவன் ரப்பர் செருப்புக் காலால் கட்டையை மிதித்துக்கொண்டு நிற்பான், இன்னொருவன் அதை செல்போனில் படம் எடுப்பான். அந்த வீடியோக்களைத்தான் நீங்கள் விளம்பரமாகப் போடுகிறீர்கள். லைக் நிறைய வருகிறதாம்.

கதிரடிக்கிற மெஷினில் கை போய்ப் போய்த்தான் 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. மத்திய அரசு அறிவித்தால் கிராமத்தில் ஓடும் வேறு மெஷினையும் அதில் சேர்க்கலாம் என்று அதிலேயே இடம் இருக்கிறது. ஐரோப்பாவில் திருகு பிளப்பான்களுக்கென்றே 1999-ல் தனியாகப் பாதுகாப்புத் தரம் எழுதி வைத்தார்கள். இங்கே நாம் ஆயுத பூஜைக்குத் திருகின் முனையில் சந்தனம் வைக்கிறோம், குங்குமம் வைக்கிறோம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம், பூசணிக்காய் உடைக்கிறோம். ஒரு பழத்துக்கு இருக்கிற மரியாதை ஒரு கேபிளுக்கு இல்லை. அதிகாரிகளோ மானியப் பட்டியலில் இல்லாத மெஷினைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கூலிக்கு வருகிறவன் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. யாரைப் போய்க் கேட்பது?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்களிடம் சண்டைக்கு வரவில்லை. லேத்தில் நிற்கிற உங்கள் பிள்ளைகளும் இதே இரும்புத் தூளில்தான் வளர்கிறார்கள்.

என் மெஷின் மாசியிலிருந்து தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. உங்களில் யார் சரி என்று சொன்னாலும் ட்ராக்டரோடு ஓட்டி வருகிறேன். முதல் ஸ்டாப்பரை அதில் மாட்டிப் பாருங்கள், கேபிள் செலவும் கூலியும் என்னுடையது. சரியாக வேலை செய்தால், இனி பட்டறையை விட்டு வெளியே போகிற ஒவ்வொரு மெஷினிலும் தயவுசெய்து அது இருக்கட்டும். ஏற்கெனவே விற்றவற்றையும் கூப்பிட்டு மாட்டிக் கொடுங்கள்.

திருகுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில். சீட்டில் அல்ல.

இப்படிக்கு,
ஆலங்குடிப் பக்கத்து விறகு டிப்போக்காரன்