அழுங்கை அண்டாவுக்குள் மூடாதீர்கள்: எங்கள் ஊர்க் கிராம சபைக்கு ஒரு திறந்த மடல்

அக்டோபர் 2 கிராம சபைக்கு வரப்போகும் பெரியவர்களுக்கும், மகளிர் குழு அக்காமார்களுக்கும், தம்பிகளுக்கும் வணக்கம்.

குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலைச் சம்பளம் என்று பேசி முடிக்கவே மத்தியானம் ஆகிவிடும். தெரியும். இருந்தாலும் எறும்புத்தின்னிக்காக ஐந்து நிமிடம் கேட்கிறேன். நம் பெரியவர்கள் வாயில் அது அழுங்கு.

போன ஐப்பசி மழையில் கடலைக்காட்டு வரப்பில் ஒன்று சுருண்டு கிடந்ததே, நினைவிருக்கும். இரண்டு ஆள் சேர்ந்தும் பிரிக்க முடியவில்லை. அழுங்குப்பிடி என்று சும்மாவா சொன்னார்கள்! தம்பிகள் சாக்கில் போட்டுக் கோயில் திண்ணைக்குத் தூக்கிவந்து, தகர அண்டாவைக் கவிழ்த்து, மேலே அம்மிக்கல்லையும் ஏற்றினார்கள். வேடிக்கை பார்த்தவர்களில் நானும் ஒருவன். அதனால் யாரையும் குற்றம் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

பாசத்தோடுதான் வாழைப்பழம், பிஸ்கட், பால் எல்லாம் வைத்தோம். எதையும் அது தொடவில்லை. அதற்குப் பல்லே கிடையாது. அரை முழ நாக்கைப் புற்றுக்குள் விட்டு எறும்பையும் கறையானையும் ஒட்டி இழுத்து அப்படியே விழுங்கும். அரைக்கிற வேலை வயிற்றுக்கு. அதற்காகப் பொடிக்கற்களும் கூடவே உள்ளே போகும், கோழி கல் பொறுக்குவது போல. ராத்திரி முழுக்க அண்டாவுக்குள் பிறாண்டும் சத்தம். விடிந்து வனக்காப்பாளர் வந்து திறந்தபோது முன்னங்கால் நகம் ஒன்று பிய்ந்து ரத்தம் உறைந்திருந்தது. வளை தோண்டவும் புற்றைப் பிளக்கவும் அதற்கு இருக்கிற ஒரே மண்வெட்டி அந்த நகம்தான். தேய்ந்துவிடக் கூடாது என்று நடக்கும்போதுகூட உள்ளே மடக்கிக்கொண்டு நடக்கிற பிராணி அது.

இன்னொன்றும் நடந்தது, பலருக்குத் தெரியாது. வாட்ஸப்பில் படம் போன ஒரு மணி நேரத்துக்குள் முன்பின் தெரியாத இரண்டு பேர் தம்பிகளுக்கு போன் செய்தார்கள். "ஓடு மட்டும் போதும், லட்சக்கணக்கில் தருகிறோம்" என்றார்களாம். தம்பிகள் மறுத்துவிட்டார்கள், நல்ல பிள்ளைகள். அடுத்த முறை கடன்காரன் வாசலில் நிற்கும் வீட்டுப் பையன் கையில் அது கிடைத்தால்?

அதன் உடம்பை மூடியிருக்கும் அந்தச் செதில் ஓடு வெறும் கெரட்டின். நம் விரல் நகத்தில் இருக்கிற அதே சரக்கு. என் தாத்தா மூலத்துக்கு என்று அழுங்கு ஓட்டில் மோதிரம் போட்டிருந்தார். மூலம் கடைசிவரை போகவில்லை, மோதிரமும் போகவில்லை. இந்த ஓட்டுக்குப் பெரிய சந்தையான சீனாவே 2020-இல் தன் அரசு மருந்து நூலின் மூலப்பொருள் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டது. கடத்தல் எவ்வளவு பெரிது தெரியுமா? 2019 ஏப்ரலில் சிங்கப்பூரில் ஒரே வாரத்துக்குள் இரண்டு தடவையாகப் பிடிபட்டது மட்டும் 25 டன்னுக்கு மேல், எல்லாம் ஆப்பிரிக்க அழுங்குகளின் ஓடு. உலகில் இருக்கும் 8 இனங்களுக்கும் 2016-லேயே சர்வதேச வணிகத் தடை வந்தாயிற்று என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே அள்ளி முடித்தால் தரகர்கள் நம் மலையடிவாரத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

பெருச்சாளி மாதிரி குட்டி போட்டுப் பெருகும் இனமில்லை இது. ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. தாயின் வாலடியில் தொற்றிக்கொண்டு ஊர்வலம் போகும். ஆபத்து வந்தால் தாய் குட்டியை உள்ளே வைத்துச் சுருண்டுகொள்ளும். சிறுத்தையிடம் பலிக்கும் அந்த வித்தை மனிதனிடம் பலிக்காது. சாக்குக்குள் போட நமக்குத்தான் சுலபமாகிவிடுகிறது.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் தெரியாது என்று சொல்லக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை, புலிக்கு இருக்கும் அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு இதற்கும் உண்டு. வேட்டையாடினாலோ விற்றாலோ குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறை. அபராதம் 25 ஆயிரத்துக்குக் குறையாது. ஆசைக்கு வீட்டில் பிடித்து வைப்பதும் குற்றம்தான். (ஆடி வெள்ளிக்குப் புற்றுக்குப் பால் ஊற்றுகிறோம், மறுநாள் அதே தோப்பில் கறையானுக்கு விஷ மருந்தும் ஊற்றுகிறோம். அந்தக் கறையானைத் தின்னவே பிறந்த ஜீவனையும் பிடித்துக் கொடுத்துவிட்டால் மருந்துக்கடைக்குத்தான் லாபம்.)

சரி, நான் கேட்பது ஒரே ஒரு தீர்மானம். அழுங்கைக் கண்டால் கூட்டம் கூடாமல் தள்ளி நிற்க வேண்டும், நாயைக் கட்ட வேண்டும். அது காட்டுப் பக்கம் போனால் போக விட வேண்டும். அடிபட்டிருந்தாலோ கிணற்றில் விழுந்திருந்தாலோ உடனே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். வளைக்குள் இருந்தால் புகை போடவோ தண்ணீர் ஊற்றவோ கூடாது. படம் எடுத்தாலும் இடம் தெரிகிற மாதிரி எங்கேயும் போடக் கூடாது. அப்புறம், விலை பேசி எவனாவது போன் செய்தால் அந்த நம்பரை வனவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

வனச்சரக அலுவலக நம்பரைப் பால் சொசைட்டிச் சுவரில் பெரிதாக எழுதிவைக்க அனுமதி வேண்டும். பெயின்ட் செலவு என்னுடையது. எழுதுகிற வேலையை அந்தத் தம்பிகளே செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கீழத்தெருக்காரன் ஒருவன்